கிச்சாப்பின் ஊசி அட்டை

சுங்கை பினாங்கு எழுந்து வந்த இரவு
ஜெலுத்தோங் பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர்.
நான் இறங்கினேன். பின்னாலேயே கிச்சாப்.
என் குதிகாலில் பித்தவெடிப்பு,
அவன் முன்னங்காலில் ஆணி கிழித்த கோடு.
லோங்காங் எலிகள் பெய்துவிட்டுப் போனது
இரண்டு வாசலிலும் நுழைந்திருக்கிறது.
காவலுக்கென்று வளர்த்த நாயும் குரைக்கவில்லை.

ஒன்பதாம் நாள்
கெண்டைக்காலில் யாரோ ஸ்பேனர் வைத்துத் திருகினார்கள்.
கண் சிவந்தது, பிறகு மஞ்சளானது.
சிறுநீர் தே-ஓ நிறம்.

பெரிய மருத்துவமனை. ஜன்னலோரக் கட்டில்.
டாக்டர் போனில் படம் காட்டினார்:
முனையில் கொக்கி வளைந்த
மெல்லிய ஸ்பிரிங்.
இந்தக் கையால் எத்தனை ஸ்பிரிங் மாற்றியிருப்பேன்,
கழற்றத் தெரியாதது இது ஒன்றுதான்.

வெள்ளணுக்கள் பதினெட்டாயிரம் என்றாள் நர்ஸ்.
ஒரு துளியின் மூலையில் அத்தனை பேர்
முகம் தெரியாதவனைத் தேடி
என் ஈரலையும் சேர்த்து உதைக்கிறார்கள்.
சரியான சாவி வெட்டி வர
இன்னும் சில நாள் ஆகுமாம்.
அதுவரை பெனிசிலின்.
கார்புரேட்டர் பார்க்கும் கண்ணால்
சொட்டுகளைப் பார்த்துக் கிடக்கிறேன்.

கிச்சாப்பிடம் அந்தச் சாவி முன்பே இருந்தது.
வருஷா வருஷம் மார்ச்சில்
டாக்டர் ஊய் கிலினிக்கில் எண்பது வெள்ளி.
"நாய்க்கா!" என்பாள் தவமலர்.
ஒருமுறை சிரிப்புக்குக் கேட்டேன்,
"ஆளுக்கு இல்லையா டாக்டர்?"
"இங்கே இல்லை" என்றார், சிரிக்காமல்.

அரை நாள் சோறு தொடவில்லையாம்.
மறுநாள் பழைய டயரைக் கடித்துக்கொண்டிருந்தானாம்.
அவன் உடம்புக்கு முப்பத்தெட்டரை என்பது சுகம்.
அதே முப்பத்தெட்டரையில்
இரண்டு கம்பளிக்குள் நான் பல் கிட்டி நடுங்குகிறேன்.
ஒரே சூடு. அங்கே வாலாட்டல்,
இங்கே தவமலர் கழுத்துச் சங்கிலியைத்
திருகித் திருகி உட்கார்ந்திருக்கிறாள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள்.
எண்ணூறு மடங்கு நீர்த்த பிறகும்
என் ரத்தம் அவனைக் கண்டு
கொத்தாகப் பிடித்துக் கட்டியதாம்.
கடன் வாங்கிப் போனவன் முகமே
ஆறு மாதத்தில் மறந்துவிடும் ஆள் நான்.
பெருமையாக இருந்தது.
"இந்த வகைக்கு மட்டும்தான்" என்றார் டாக்டர்.
"வேறு எலி வேறொன்றைக் கொண்டு வரும்."

வீடு வந்தேன். கிச்சாப் பாய்ந்து வந்து
முகத்தை நக்கப் பார்த்தான்.
தவமலர் குளோரெக்ஸ் வாளியோடு குறுக்கே நின்றாள்:
கிருமி அவனுக்குள்ளும் இருக்கலாமாம்,
ஒன்றுக்குப் போகும்போதெல்லாம் இறங்கலாமாம்.
கையுறை மாட்டிக்கொண்டு தலையைத் தடவினேன்.
ரப்பர் வாசனை பிடிக்காமல் தும்மினான்.

அவன் ஊசி அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள்
என் ரத்தச் சீட்டையும் மடித்துச் செருகியிருக்கிறேன்.
தொலைந்தால் இரண்டும் சேர்ந்து தொலையட்டும்.

இன்று மத்தியானம் பினாங்கு மலைப்பக்கம் கறுக்கிறது.
பூட்ஸைத் தேடினேன்.
இடது கால் மட்டும் இருக்கிறது,
வலது அன்றைக்கே ஆற்றோடு போயிருக்க வேண்டும்.
வாசலில் கிச்சாப்
நாலு காலும் வெறுங்காலாக
மழையை மோப்பம் பிடித்து நிற்கிறான்.