பனி சுரண்டிய அட்டை

முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டாள் மாரிசெல்:
செந்த்ரெய் எனிகோ என்ற பெயரில்
எங்களிடம் யாரும் தேர்வு எழுதவில்லை.

சரிதான்.
எழுதியவள் ஹல்மோஷ் எர்னோனே.

எங்கள் ஹங்கேரியில் அப்படியொரு வழக்கம், மாரிசெல்.
கணவன் பெயரை முழுதாக எழுதிக்
கடைசியில் ஒரு 'னே' சேர்த்தால்
அவன் மனைவி.
அவளுக்கென்று வேறு எழுத்து வேண்டியதில்லை.
மிஷ்கோல்ஸ் நகரில், செருப்புக் கடைக்கு மேல்மாடியில்,
தொண்ணூற்றொன்பதாம் வருஷம்,
சர்வர்களைப் பற்றிய எழுபது கேள்விக்கு
அந்த ஓர் அசைதான் விடை எழுதியது.

இப்போது ஒரு மருத்துவமனையில் ஆள் தேவையாம்.
பழைய சான்றிதழ்கள் எல்லாம்
புதுக் கணக்கில் தெரிய வேண்டுமாம்.

அவள் கேட்டவை:
அன்றைய மின்னஞ்சல். அந்தக் கம்பெனியே இன்று இல்லை.
அன்றைய வீட்டு முகவரி. மூன்றாம் மாடி,
சாவி இப்போது எர்னோவின் புது மனைவியிடம்.
பதிவு எண்.

அது இருந்தது,
வாழ்த்து மடலோடு வந்த பிளாஸ்டிக் அட்டையில்.
மணவிலக்கில் என் பங்குக்கு வந்தது ஸ்கோடா கார்,
அதற்குள் கிடந்தவற்றோடு.
இருபது குளிர்காலம்
முன்கண்ணாடிப் பனியை அந்த அட்டையால்தான் சுரண்டினேன்.
ஐந்தாவது இலக்கம் மூன்றா எட்டா தெரியவில்லை.
கடைசி இலக்கம்
போயே போய்விட்டது.

எழுதினேன்:
மூன்று, அல்லது எட்டு. கடைசியில் எதுவும் இருக்கலாம்.
மணவிலக்குத் தீர்ப்பை ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறேன்.
அவளும் நானும் ஒருத்திதான் என்பதற்கு
நீதிமன்ற முத்திரை, கீழே, இடப்பக்கம்.

அவள் ஊரில் பகல் என்றால் எனக்கு நடுராத்திரி.
ஒன்பது நாள், பதிமூன்று கடிதம்.
பத்தாவது கடிதத்தில்
'எட்டு, மேடம், எட்டு!' என்று மட்டும் எழுதியிருந்தாள்.
ஆச்சரியக்குறி போட
அவர்களுக்கு அனுமதி உண்டா, தெரியாது.

நேற்றிரவு கணக்கு திறந்தது.
என் பெயருக்குக் கீழே நான்கு தேர்வுகள்.
நான்கா?
மூன்றுதான் எழுதினேன் என்று
போன இடமெல்லாம் சொல்லிச் சொல்லி
நானே நம்பியிருந்தேன்.

நவம்பர் பன்னிரண்டு: தோல்வி. பதினெட்டு மதிப்பெண் குறைவு.
டிசம்பர் மூன்று: தேர்ச்சி.

நவம்பர் பன்னிரண்டு இரவு
எர்னோ டோகாய் ஒயினோடு வந்தான்,
படியேறும்போதே பாடிக்கொண்டு.
தேறிவிட்டேன் என்றேன். வேறென்ன சொல்ல.
இரண்டாம் கட்டணத்துக்கு
என் பனிச்சறுக்குக் காலணிகளை விற்றேன்.
டிராமில் தொலைந்துவிட்டன என்றேன்.
அதையும் நம்பினான், பாவம்.

'காலாவதி' என்று சாம்பல் நிறத்தில் ஒரு குறிப்பு.
மருத்துவமனையில் இதையெல்லாம் பார்ப்பார்களோ என்னவோ.
ஆனால் இத்தனை வருஷம்
அவனுக்குத் தெரியாத தோல்வி ஒன்று
அவன் பெயரில் கிடந்திருக்கிறது.
இன்று அது எனிகோ என்கிறது.
'னே' இல்லை.

ஒன்றிலிருந்து ஐந்துவரை
உங்கள் திருப்தியைக் குறியுங்கள் என்கிறது கடைசிக் கடிதம்.
அப்புறம் பார்க்கலாம்.
விடிந்துவிட்டது. கீழே கார் வெள்ளையாக நிற்கிறது.
மேசைமேல் இருந்த அட்டையை
எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
மிச்ச எண்களும் தேயட்டும்.