ஐம்பது ஹெர்ட்ஸ்

திபிலீசி, க்ல்தானி, ஒன்பதாம் மாடி.
இந்த லிஃப்டில் காசு போட்டால்தான் ஏற முடியும்.
யாரோ போடுகிறார்கள்.
என் ஸ்பீக்கரில் ஒரு 'டக்'.
அதை மன்னிக்கலாம், வந்தது போய்விடும்.
போகாதது ஒன்று இருக்கிறது.

ம்ம்ம்ம்ம்.

நான் கதையே சொல்லவில்லை,
யாரோ 'ம்' கொட்டிக்கொண்டிருக்கிறார்கள்.
வால்யூமைக் குறைத்தேன்: ம்.
மிக்சரில் எல்லாச் சேனலையும் மூடினேன்:
கொஞ்சம் யோசித்துவிட்டு, ம்.

மூன்று மாதமாகப் பொறுத்தவள்
இன்றிரவு பொறுக்கவில்லை.
நாளைக் காலை பத்து மணிக்கு
வெனேரா கார்மோனியைத் தூக்கிக்கொண்டு வருகிறாள்.
அவள் முன்னால் இது கூடாது.

ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
டிரம் மெஷின். ம்.
டிலே பெடல். ம்.
பழைய சோவியத் சிந்தசைசர், என் முதல் சந்தேகம்,
பிளக்கில் எர்த் முனையே இல்லாமல்
இரண்டு காலில் நிற்கும் கிழட்டுக் கொக்கு.
அதையும் பிடுங்கினேன். ம்.
வீணாகப் பழி சுமத்திவிட்டேன்.

கடைசியில் லேப்டாப்பின் சார்ஜர்.

நின்றது.

திரும்பச் செருகினேன்: ம்ம்ம்,
எங்கே விட்டதோ அங்கிருந்து.

எல்குஜாவை எழுப்பினேன்.
நாடக மேடைகளுக்கு வயர் இழுக்கிறவன்,
தூக்கத்திலும் கேபிள் சுருட்டுகிற கை.
"எர்த் முனையில் டேப் சுற்றிவிடவா?" என்றேன்.
"சுற்று. சத்தம் போய்விடும்.
ஈரக் கையோடு மைக்கைத் தொடுகிற அன்று
நீயும் போய்விடுவாய்."
பிறகு கேட்டான்:
"லேப்டாப்புக்கு எங்கிருந்து கரண்ட்?"
சமையலறையிலிருந்து.
"மிக்சருக்கு?"
இந்த அறையிலிருந்து.
கொஞ்ச நேரம் சிரித்தான்.

"எல்லாம் கடைசியில் மண்ணுக்குத்தான் போகிறது.
போக ஒரு வழி இருந்தால் சத்தமில்லாமல் போகும்.
நீ இரண்டு வழி வைத்து
நடுவில் ஆடியோ கேபிளைக் கட்டி
வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறாய்.
கரண்ட் சும்மா இருக்குமா, சுற்றுகிறது.
எல்லாவற்றையும் ஒரே பலகையில் செருகு.
பவர் கேபிளும் ஆடியோ கேபிளும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டாம்,
குறுக்கே கடந்து போகட்டும். நான் தூங்க வேண்டும்."

மேசைக்கடியில் முழங்கால் தேய
ஒன்பது பிளக்குகளை ஒரே வரிசையில் நட்டேன்.
சமையலறைச் சுவரில்
இரண்டு துளைகள் காலியாகப் பார்த்தன.

ஸ்விட்ச்.

ஒன்றுமில்லை.
அப்படியொரு ஒன்றுமில்லை:
குளிர்சாதனப் பெட்டி முனகுவது கேட்டது,
மேல் வீட்டு ஷோத்தா நாற்காலியை இழுப்பது கேட்டது,
என் மூக்கில் காற்று போவது கேட்டது.
எழுந்து நின்று கைதட்டினேன், தனியாக.

பாட்டை ஓட விட்டேன்.

ஒல்லியாக இருந்தது.
நான் போட்டதாக நினைத்த அடித்தளத்தில்
பாதி என்னுடையதில்லை.

அப்புறம்தான் ட்யூனரைத் தேடி எடுத்தேன்.
ஊசி நடுவில் நிற்கவில்லை.
எந்தச் சிந்தசைசரும் நடுவில் நிற்கவில்லை.
எல்லாம் ஒரே அளவு வலப்பக்கம்,
முப்பத்தைந்து சென்ட் கூடுதல்.
ஜி என்று மூன்று மாதம் நான் நம்பியது
ஜி இல்லை,
ஜிக்கும் ஜி ஷார்ப்புக்கும் இடையில்
மின்வாரியம் வைத்த சுருதி.
காதால் சேர்த்தேன் என்று பீற்றிக்கொண்டேனே,
காது அதனோடுதான் சேர்த்திருக்கிறது.

வெனேராவின் கார்மோனி யாருக்கும் இறங்காது.
அதன் நாக்குகள் பித்தளையில் ஆணியடித்தவை.
இறங்க வேண்டியவள் நான்.

முதல் சிந்தசைசர் இறங்கியது.
இரண்டாவது, மெனுவுக்குள் மெனுவாகத் தேடி, இறங்கியது.
கொக்குக்கு ட்யூனிங் குமிழே உடைந்துபோயிருக்கிறது,
குறட்டால் திருகினேன்,
ஜி-யில் நின்றது, விரலை எடுத்ததும் நழுவியது.

ஒற்றைச் சாவியை அழுத்தினேன்.
சரியான ஜி, சுத்தமான ஜி.
அழுத்திவிட்டு, வெட்கக்கேடு,
யாரோ 'ம்' கொட்டட்டும் என்று காத்திருந்தேன்.

ஒன்றரை மணி.
"பதினொன்றுக்கு வா" என்று வெனேராவுக்கு அனுப்பினேன்.
இரண்டு டிக் விழுந்தன, பதில் இல்லை.
கீழே யாரோ லிஃப்டுக்குக் காசு போட்டார்கள்.
டக்.
அதை இன்னொரு நாள் பார்க்கலாம்.
குறடு எங்கே வைத்தேன்?