கேட் மூடியிருக்கும் நேரம்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில்
எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் கேட்பதில்லை.
எத்தனை பெட்டி என்பார்கள்.
நேற்று ஐம்பத்தெட்டு.
எண்ணிச் சொன்னது ஐந்தாம் வகுப்பு.

உண்மையில் நான் தையல் டீச்சர்.
மிஷின்கள் துருப்பிடித்துப் போனபின்
நூலகப் பீரோவின் சாவியைக் கொடுத்துக்
கையெழுத்து வாங்கிக்கொண்டார் எச்.எம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள்.
ஒன்று குறைந்தாலும் சம்பளத்தில் பிடித்தமாம்.
நான்கு மாதம் பூட்டியே வைத்திருந்தேன்,
அடகுக்கடைக்காரி மாதிரி.

ஒருநாள் பல்லிமுட்டை துடைக்கத் திறந்தபோது
பின்னாலேயே வந்து நின்ற எபிநேசர்
ஒன்றை உருவிப் பிரித்து
மூக்கை உள்ளே விட்டான்.
"டீச்சர், எங்கம்மா கல்யாணப் பொடவ வாசன வருது."
பாச்சை உருண்டைதான்.
ஆனாலும் அதற்கப்புறம் பூட்ட மனசு வரவில்லை.

கிழிந்தவற்றை வீட்டுக்கு எடுத்துப்போய்
முதுகு தைப்பேன்.
எனக்குத் தெரிந்த வேலை அதுதானே.
ஜூலையில் ஒரு காலை, பையில் அப்படி ஒன்று:
பல்வலி வந்த முதலையின் கதை.
கேட் இறங்கிவிட்டது.
இந்தப் பக்கம் நானும் பதினோரு பிள்ளைகளும்,
அந்தப் பக்கம் பிரேயர் மணி.
சும்மா நிற்பானேன் என்று நீட்டினேன்.
பவித்ரன் வாங்கி
ஷேர் ஆட்டோவின் பின்படியில் ஏறி நின்று
வாசிக்க ஆரம்பித்தான், எழுத்துக்கூட்டித்தான்.
நிலக்கரி வேகன்கள் அவன் குரலை நசுக்கின.
அவன் விடவில்லை.
அப்பா காசிமேட்டில் ஏலம் கூவுபவர்;
தொண்டை அப்படி.

கேட் தூக்கியது யாருக்கும் தெரியவில்லை.
பின்னால் கன்டெய்னர் லாரி அலறியது.
"வழிய உடுங்க, சாவுகிராக்கிங்களா!"
ரோஷிணி திரும்பிக்கூடப் பார்க்காமல்
"இருண்ணா, முதலைக்குப் பல்லு புடுங்கப் போறாங்க" என்றாள்.

புடுங்கவில்லை.
பதினான்காம் பக்கத்தோடு கதை நின்றது.
மிச்சம் ஏதோ ஒரு மழை வருடத்தில்
யாருடைய கப்பலாகவோ மிதந்து போயிருக்கிறது.
பிள்ளைகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே,
நான்தான் கிழித்துத் தின்றதுபோல.
"அப்போ நீங்களே முடிங்க" என்றேன், எரிச்சலில்.
அவ்வளவுதான் என் கல்வித் திட்டம்.

மறுநாள் கேட்டுக்கு ஏழு முடிவுகள் வந்தன.
ஒன்றில் முதலை பக்கிங்ஹாம் கால்வாயில் குதித்து
நாற்றம் தாங்காமல்
வந்த வழியே ஓடியது.
ஒன்றில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில்
டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தது,
இன்னும் கூப்பிடவில்லை.
ஜெபசீலியின் முதலைக்கு வலி போகவேயில்லை.
பழகிவிட்டது.
எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தேன்,
பச்சை நூலில்.
வெள்ளை தீர்ந்திருந்தது.

தணிக்கைக்கு வந்தவர் எச்சில் தொட்டுப் பக்கம் எண்ணினார்.
பதிவேட்டில் பதினாறு, கையில் முப்பத்தொன்று.
குறைவுக்குக் கட்டம் இருக்கிறது.
கூடுதலுக்கு இல்லை.
பேனாவை மூடிவிட்டு
டீ கிடைக்குமா என்றார்.

குறைவும் இருக்கிறது, மறைக்கவில்லை. எண் 207.
ஜெபசீலி எடுத்துப்போனது.
தண்டவாளத்தோரக் குடிசைகளை இடித்த வாரம்
பாத்திரம், டிவி, ஆயா கட்டில் எல்லாவற்றோடும்
பெரும்பாக்கத்துக்கு லாரி ஏறிவிட்டது அதுவும்.
நாற்பத்திரண்டு ரூபாய் கட்டினேன்.
ரசீது வேண்டாம் என்றேன்.
வாங்கினால் தொலைந்தது என்று ஆகிவிடும்.

எட்டாவது மாடியாம்.
லிஃப்ட் ஓடுவதில்லையாம்.
மூச்சு வாங்கும்போது
படியில் உட்கார்ந்து
ரெண்டு பக்கம் படிக்கலாம்.