ஏழாவது இருக்கை

மைத்துனன் சொன்ன விலை எண்பது.
அவன் போய்வந்து ஏழு வருஷம் ஆகிறது
என்பதை அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.
ஒருரோவிலிருந்து இரவு முழுக்கக் குலுங்கி
விடியுமுன் உயுனியில் இறங்கினோம்.
திரும்பும் பஸ்ஸுக்கான பணம் என் காலுறைக்குள்.
மீதி நூற்றெண்பது பொலிவியானோ
ஃபெர்மினின் உள்சட்டைப் பையில்,
அவன் அடிக்கடி தொட்டுப் பார்த்த இடத்தில்.

முதல் கடையின் சுவரில் ஒரு பெண்
வானத்துக்கு நடுவே குதித்துக்கொண்டிருந்தாள்.
ஆளுக்கு இருநூற்றைம்பது.
அடுத்த கடையில் இருநூற்று நாற்பது, மதியச் சாப்பாடு உண்டு.
"சாப்பாடு வேண்டாம், ரொட்டி கொண்டுவந்திருக்கிறோம்,
எவ்வளவு குறையும்?"
எதுவும் குறையவில்லை.
மூன்றாவதில் நாய் மட்டும் இருந்தது.
நான்காவதில் ஒருவன்
எங்கள் செருப்பைப் பார்த்துவிட்டு விலை சொன்னான்.
குறைத்துத்தான் சொன்னான்.
அதுதான் சுட்டது.

"ஒரு கோழி வாங்க இவ்வளவு அலைவாயா?" என்றேன்.
"கோழியை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்" என்றான்.

ரயிலடி ஓரத்துக் கடையில் தெல்ஃபினா என்றொருத்தி
ரப்பர் பூட்ஸ்களை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள்.
தலை நிமிராமல் சொன்னாள்:
பத்தரைக்கு வண்டி. ஆறு வெளிநாட்டார்.
முன்னால், நடுவில், கியருக்குப் பக்கத்தில் ஓர் இடம்.
பத்து இருபத்தைந்து வரை யாரும் வராவிட்டால்
நூறு.
ஒரே ஓர் இடம்.

கடைப் படியில் உட்கார்ந்தோம்.
ஒருவர் வியாபாரம் நடக்கக்கூடாது என்று
வாழ்க்கையில் முதல்முறை வேண்டிக்கொண்டேன்.
பத்து பதினெட்டுக்கு முதுகுப்பையோடு ஒருவன் வந்தான்.
எங்கள் மூச்சு நின்றது.
கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டுப் போனான்.

நீ போ என்றேன். நீ போ என்றான்.
நாணயத்தைச் சுண்டினான்.
அது கல்லில் குதித்து உருண்டது.
விழுந்த பக்கத்தை நான் பார்க்குமுன்
பூட்ஸ் காலால் மூடிக்கொண்டு
"நீதான்" என்றான்.

உப்பைப் பார்க்கப் போகும் வண்டியில் நான்
உப்புக்குச் சப்பாணி.
கியர் மாற்றும்போதெல்லாம் டிரைவர் சதுர்நீனோ
என் முழங்காலிடம் மன்னிப்புக் கேட்டார்.
பின்னால் ஆறு பேரும் சிரித்தார்கள், பாடினார்கள்,
பிளாஸ்டிக் டைனோசரின் வாய்க்குள்
தாங்கள் நிற்பதுபோல் படம் எடுக்கச் சொன்னார்கள்.
எடுத்தேன். வயிற்றை உப்பின்மேல் வைத்துப் படுத்து எடுத்தேன்.
ஆறு பேர், ஆறு டைனோசர் சாவு.

பிறகு தண்ணீர் வந்தது.
நேற்றைய மழை, கணுக்கால் ஆழம்,
காற்றே இல்லை.
வண்டியிலிருந்து இறங்கியவள்
இறங்கிக்கொண்டே இருப்பேனோ என்று பயந்தேன்.
எனக்குக் கீழே ஒரு மேகம் நகர்ந்தது.
காலைத் தூக்கி அதற்கு வழிவிட்டேன்.

இருநூற்றைம்பது கொடுத்தவர்களும் அங்கே இருந்தார்கள்.
அவர்களுக்கும் இதே வானம்தான், இரண்டே இரண்டு.
நானோ அதை முழுசாகப் பார்க்கவில்லை.
பார்த்த ஒவ்வொன்றையும் அங்கேயே
சொல்லாக மாற்றிக்கொண்டிருந்தேன்,
அவனுக்குச் சொல்ல.
மேகத்துக்கு ஒரு சொல், அமைதிக்கு ஒரு சொல்,
அடிவானம் காணாமல் போனதற்கு
எதுவும் கிடைக்கவில்லை.

மாலை அதே படியில் அவன்.
பகல் முழுக்க விசாரித்திருக்கிறான்.
விடிகாலை நான்கு மணிக்கு உப்பு வெட்டுகிறவர்களின் லாரி போகிறதாம்,
ஆளுக்கு இருபது, மண்வெட்டிகளோடு உட்காரவேண்டும்,
திரும்புவது அவரவர் பாடு.
"நாளைக்கா?" என்றேன்.
"நாளை ஆறு மணிக்கு எனக்கு வேலை" என்றான்,
நான் மறந்துவிட்டதுபோல.

"எப்படி இருந்தது?"
சேர்த்துவைத்த சொல் அத்தனையும் இருக்க
"பூட்ஸ் ரெண்டு அளவு பெரிசு" என்றேன்.
அவன் என் பாவாடை ஓரத்தில் காய்ந்திருந்த வெள்ளையைச்
சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தான்.
"நல்ல உப்பு" என்றான்.

பஸ் சல்லாப்பாதாவைத் தாண்டியபோது கேட்டேன்:
காலையில் நாணயம் என்ன விழுந்தது?
ஜன்னலில் தலை சாய்த்து
தூங்குகிறவன் மாதிரி இருந்தான்.
தூங்கும்போது அவன் குறட்டை விடுவான்.
குறட்டை இல்லை.