தேரை மணம்

மெடிசின் ஹாட் ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி:
வாலில் கிலுகிலுப்பை இருந்ததா?
இல்லை என்றேன்.
தாதியின் தோள் தளர்ந்தது.
எனக்குக் கொஞ்சம் அவமானமாய்க்கூட இருந்தது.
கிலுகிலுப்பைக்காரனுக்கு இங்கே மருந்துண்டு,
குளிர்பெட்டிக்குள், விலை கேட்டால் தனியாக மயக்கம் வரும்.
எனக்கு வாய்த்தது
ஒரு முழ நீளம், மணல் நிறம், மூக்கு மேலே மடிந்தது.
பன்றிமூக்கன் என்றேன்.
அவள் எழுத்துக்கூட்டி எழுதினாள்.

ரெட்கிளிஃபில், வெள்ளரிக்காய்க் கண்ணாடி வீட்டின் பின்வாசலில்,
ஃபோர்க்லிஃப்ட் திரும்பும் இடத்தில் கிடந்தது.
நசுங்கிவிடுமே என்று எடுத்தேன்.
கழுத்தைத் தட்டையாக்கிச் சீறி
நாகபாம்புக்கு ஒரு நகல் எடுத்துக் காட்டியது.
நான் பயப்படாததால்
செத்துப்போனது.
வாய் திறந்து, நாக்குத் தொங்கி, வயிறு வானம் பார்க்க.
நிமிர்த்தி வைத்தேன்.
மறுபடி புரண்டு செத்தது.
மரிசெல் சிரிப்புத் தாங்காமல் முகக்கவசத்தைக் கழற்றினாள்.

அரை மணிக்கு முன்னர்தான்
தண்ணீர் ஓடும் தகரக் காலில் சிக்கிய தேரையை
வெறுங்கையால் தூக்கி வெளியே விட்டிருந்தேன்.
தேரை மோந்த தேங்காயைப் பற்றித் தெரியும்.
தேரை மணக்கும் விரலைப் பற்றி யாரும் சொன்னதில்லை.
செத்த பாம்பு நாக்கை நீட்டியது. உள்ளே இழுத்தது. மறுபடி நீட்டியது.
பிறகு உயிர்த்தெழுந்து, கோபமே இல்லாமல்,
என் மோதிர விரலைச் சாப்பிடத் தொடங்கியது.

கொத்தவில்லை. மென்றது.
கடைவாய்ப் பல் எட்டும்வரை
தாடையை இடம், வலம், இடம் என்று நகர்த்தி,
வெற்றிலை போடுகிறவர்களின் பொறுமையோடு.
இழுக்காதே, பல் முறிந்துவிடும் என்று கத்தினாள் மரிசெல்
(யாருக்காகக் கவலைப்பட்டாள் என்று இன்னும் கேட்கவில்லை).
கை துடைக்கும் ஸ்பிரிட்டை மூக்கில் சொட்டினோம்.
விட்டது.
நான் தேரை இல்லையென்று கண்டுகொள்ள அதற்கு
ஐந்து நிமிடம்.

முதல் மணி நேரம் ஒன்றுமில்லை, இரண்டு பொட்டு இரத்தம்.
எட்டு மணிக்கு விரல் கத்தரிக்காய், நிறத்திலும்.
பத்துக்கு மணிக்கட்டைக் காணவில்லை.
அக்குளில் நெறி கட்டியது.
மோதிரம் மட்டும் பழைய அளவிலேயே நின்றது.

டாக்டர் பென்னர் ஒரு சின்னச் சக்கரத்தால் அதை அறுத்தார்.
சவர்க்காரத்துக்கும் நூலுக்கும் ஐஸ் கட்டிக்கும்
பதினொரு வருடம் அசையாதது.
வீட்டுக்காரருக்குச் சொல்லவா, என்றாள் தாதி.
அவர் வின்னிபெக்கில், வேறு வீட்டுக்காரர்.
வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

பிளேட்லெட் எண்ணினார்கள்,
இரவில் ஒரு தடவை, விடியலில் ஒரு தடவை.
கொஞ்சம் இறங்கி, யோசித்து, நின்றுவிட்டது.
இதற்கு மருந்து இல்லை, என்றார் பென்னர்,
தேவையும் இல்லை.
பெயரிலேயே மருந்து வைத்திருக்கும் ஊரில்.

மூன்றாம் நாள் கொப்புளம், தேன் நிறத் தண்ணீரோடு.
நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி
முழங்கைவரை நடந்துபோய்க் கலைந்தது.
ஆறாவது வாரத்திலும் விரல் முழுக்க மடங்கவில்லை.
கொடி சுற்றும் நூலைப் பிடிக்கச்
சுண்டுவிரலைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.
அது சோம்பேறி.

இழப்பீட்டுப் படிவத்தில் காயத்தின் தன்மை:
இலேசானது.
சரிதான்.
அந்தப் பாம்பு செத்த அளவுகூட
நான் சாகவில்லை.

மோதிரத்தை மாத்திரை உறையில் போட்டுத் தந்தார்கள்,
மேலே என் பெயர், பிறந்த தேதி,
உணவுக்குப் பின் என்ற கட்டத்தில் கோடில்லை.
அலுமாரியில் கிடக்கிறது.

இன்று காலை தகரக் காலில் மறுபடி ஒரு தேரை,
அதேதானோ என்னவோ,
தொண்டை மட்டும் துடித்தபடி.
கையுறை எடுக்கப் போய்விட்டுத் திரும்பினேன்.
வலக்கையால் தூக்கினேன்.