எடைப் பிரிவு

நரின் நகரத்துப் பயிற்சிக் கூடத்தில்
தராசுக்குத் தாட்சண்யம் கிடையாது.
காதணியைக் கழற்றினேன், எச்சில் துப்பினேன்,
மூச்சைக்கூட வெளியே விட்டுவிட்டு ஏறினேன்.
நாற்பத்து நான்கேகால்.
என் பிரிவு நாற்பத்திரண்டு.

ஐந்து நாளாய் இரவுச் சூப்பில் கிடந்த ஆட்டுக்கறியை
நாய்க்குப் போட்டிருந்தேன்.
நாய் கொழுத்தது.

போன இலையுதிர்காலத்தில் இதே இரும்புக் கம்பியில்
பதினான்கு முறை தாடையை ஏற்றியவள்
இன்று ஒன்பதில் தொங்கினேன்.
சோம்பல் இல்லை, சத்தியமாக.
நிலக்கரிப் புகை கலந்த பனியில்
பாலம் வரை தினமும் ஓடினேன்.
ஓடிக்கொண்டிருக்கும்போதே
கால் எலும்பு என்னைக் கேட்காமல் முந்திப் போய்விட்டது.
இடுப்புக்கும் ஏதோ அவசரம்.
மேரிம் மட்டும் அப்படியே இருக்கிறாள், குச்சி போல.
அவளுக்கு அது கவலை.

பிஷ்கெக்கில், போட்டி நாள் காலை,
கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு
சீருடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.
சிவப்புச் சீருடைதான். ஆனாலும் தெரிந்தது.
பக்கத்துத் தடுப்பின் அடியில் ஒரு கை நீண்டது:
கட்டைவிரலில் பச்சை பிளாஸ்திரி,
உள்ளங்கையில் மடித்த நாப்கின்.
"சீக்கிரம், கூப்பிடுகிறார்கள்."

நாற்பத்தாறு கிலோ. முதல் சுற்று.
நீலச் சீருடைக்காரி என்னைவிட ஒரு தலை உயரம்.
விசில்.
பழைய கையின் நீளத்தை நம்பிப் பாய்ந்தேன்.
புதிய கை அவள் தொடையைத் தாண்டிப் போய்க்
காற்றைப் பிடித்தது.
சிரித்துவிட்டாள். நானும்.
நடுவர் முறைத்தார்.

மறுபடி எதிரெதிரே.
இந்த முறை மணிக்கட்டு சிக்கியது.
பச்சை பிளாஸ்திரி என் தோலில் உரசியது.
விடவில்லை.