ஒப்பீட்டு அறிக்கை, பக்கம் நான்கு

தூன் ஏரியின் வடகரையில் கல்லுடைக்கும் ஆலை.
இரண்டு மோட்டாரில் ஒன்றைச் சொல்ல வேண்டும்.
திருமதி ட்சூர்பூகனுக்கு வியாழனுக்குள் வேண்டும்.

முதலாவது, கூண்டுச் சுழலி.
அலுமினியக் கம்பிகள், இரு முனையிலும் வளையம்.
அணில் கூண்டு என்று பேர், அணில் இல்லை.
வெளியிலிருந்து ஒரு வயரும் அதற்குள் போகாது.
தேய்வதற்குத் தூரிகை கிடையாது;
தாங்கிக்குக் கிரீஸ் வைத்துவிட்டு மறந்துபோகலாம்.
ஒரே குணக்கேடு, எழும்பும்போது:
நேரே கொடுத்தால் ஆறு மடங்கு கரண்ட் இழுக்கும்,
மேட்டுப் பண்ணையில் பால் கறக்கும் மெஷின்
ஒரு விநாடி மூச்சுவிட மறக்கும்.

இரண்டாவது அங்கேயே நிற்கிறது.
நழுவுவளையச் சுழலி. செம்புச் சுற்று,
மூன்று வளையம், அவற்றை உரசியபடி கரித்துண்டுகள்.
மூடியைத் திறந்தேன். இரவு மூக்குச் சிந்தியபோதும் கறுப்பு.
ஆனால் தாடைக்குள் பாதி கடித்த பாறை கிடந்தாலும்
முனகாமல் எழும்புகிறது.
சோடாக் கரைசல் தொட்டிக்குள் தகடுகள் இறங்க இறங்கத்
தடை குறைந்து வேகம் ஏறுகிறது.
முழு வேகத்தில் மூன்று வளையத்தையும் ஒன்றாய்ப் பூட்டிவிட்டால்
அப்போது
அதுவும் ஒரு கூண்டுதான்.

(கட்டத்தில் இதற்கு இடமில்லை:
காந்தப்புலம் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று.
தகட்டில் எழுதியிருப்பது 975.
எட்டிப் பிடித்துவிட்டால் இழுப்பே இராது.
பின்தங்கிய இருபத்தைந்தில்தான் கல் உடைகிறது.)

தொடக்கப் பதிவேட்டில் ஒரு புதிர்.
தினமும் 11.40க்கு நிறுத்தி, ஓட்டி,
மறுபடி நிறுத்தி, ஓட்டியிருக்கிறார்கள்.
காரணம் எழுதவில்லை.
ஊர்ஸ் தன் சப்பாத்தைப் பார்த்தான்.
அமாதேயுதான் என்னைத் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனான்.
இரும்பு மூடிமேல்
துணி சுற்றிய நான்கு சாப்பாட்டு டப்பாக்கள்.
ஒன்றில் உருளைக்கிழங்கும் உப்புமீனும்.
ஒவ்வொரு தொடக்கமும் தொட்டியைக் கொஞ்சம் சூடாக்கும்;
வெளியே மைனஸ் ஒன்பது.
எனக்கும் ஒரு கரண்டி நீட்டினார்கள். சூடாகத்தான் இருந்தது.

'இழப்பு' என்ற பத்தியில்
என்ன எழுதுவதென்று கொஞ்சநேரம் இருந்தேன்.
எழுதினேன்: வெப்பம்.

பரிந்துரை: கூண்டுச் சுழலி, அதிர்வெண் மாற்றியோடு.
சந்தேகமே இல்லை, கணக்கு அப்படித்தான் சொல்கிறது.
தேவையான துணைக்கருவிகள்:
மாற்றி ஒன்று,
கவசக் கேபிள் நாற்பது மீட்டர்,
காப்பிட்ட தாங்கி ஒன்று,
நாலு பேருக்குச் சாப்பாடு சூடாக்க ஒரு மைக்ரோவேவ்,
230 வோல்ட், ஒற்றைப் பேஸ்.